ஒரு லிட்டர் பெட்ரோல் எங்கே போகிறது?

எல்லோருக்கும் வணக்கம். "மாசே இல்லாத எஞ்சினைச் செய்ய முடியாதா சார்?" என்று போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னை மடக்கினார். இன்றைய பேச்சுக்குக் காரணம் அவர்தான்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. அதை எரித்தால் சைலென்சர் வழியே வருகிற கார்பன் டை ஆக்சைடு சுமார் 2.3 கிலோ! முக்கால் கிலோ போட்டு இரண்டு கிலோவுக்கு மேல் வருவானேன்? மிச்ச எடை, வண்டி இழுத்துக்கொண்ட காற்றின் ஆக்சிஜன். எந்தக் கெட்டிக்கார டிசைனரும் இந்தக் கணக்கைத் தொட முடியாது. மைலேஜைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

ஆனால் கார்பன் மோனாக்சைடும், எரியாமல் தப்பிவரும் பெட்ரோல் ஆவியும் அப்படியல்ல. அவை அரைகுறையாய் எரிந்ததன் மிச்சம். 1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டம் போட்டு, 1975-க்குள் இவ்விரண்டையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்டின் பெரிய கம்பெனிகள் கையை விரித்தன. அதுவரை மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன ஹோண்டா, 'சி.வி.சி.சி.' எஞ்சினோடு வந்து நின்றது.

யோசனை நம் வீட்டு அடுப்பில் இருப்பதுதான். ஈர விறகை நேரே பற்றவைக்க முடியுமா? அடியில் சுள்ளி வைப்போம். சிலிண்டருக்கு மேலே ஒரு குட்டி அறை. அதில் பெட்ரோல் தூக்கலான கலவை, பக்கத்திலேயே ஸ்பார்க் பிளக். கீழே பெரிய அறையில் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. குட்டி அறையில் பிடித்த தீ பாய்ந்து இறங்கி, பெரிய அறையை நிதானமாக, முழுசாக எரிக்கும். சின்னக் காருக்குச் சரி, பெரிய காருக்கு ஆகுமா என்று கேட்டார்கள். ஹோண்டாக்காரர்கள் செவ்ரலே இம்பாலா என்ற பெரிய அமெரிக்கக் காரை வாங்கி, அதிலேயே இதைப் பொருத்திக் காட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பதில் அது.

ஹைட்ரஜனை ஊற்றினால்? கார்பன் கிடையாது, எரிந்தால் தண்ணீர். ஆனால் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் ஆயிற்றே! சிலிண்டர் சூட்டில் அது ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு நச்சு வாயுவாகிறது. எரிபொருளை மாற்றலாம், ஊர்க் காற்றை மாற்ற முடியுமா? சூட்டைக் குறைத்துச் சமாளிக்கலாம்.

கேள்வி கேட்டவர் கடைசி வரிசையில் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் பட்டறைக்கு வாருங்கள், தம்பி. புகைச் சோதனைக் கருவியை என் பழைய ஸ்கூட்டரிலேயே மாட்டிப் பார்ப்போம். என்ன காட்டும் என்று எனக்கு இப்போதே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.