காய்ச்சல் யார் செய்யும் வேலை?

வணக்கம், நேயர்களே. பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

தைப்பூசக் காவடி, புயல் மழை, கொசு மூன்றும் நம் மொரீசியஸில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. அந்த மாதங்களில் மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், கொசு கடித்து இத்தனை வாரம் ஆகிறது, காய்ச்சலும் போய்விட்டது. இன்னும் மூட்டு வலிக்கிறதே, கிருமி உள்ளே உட்கார்ந்து எலும்பைத் தின்கிறதா?" இல்லை, எலும்பைத் தின்னவில்லை. சிக்குன்குனியாவிலும் டெங்குவிலும் நாம் படும் பாட்டில் பெரும்பங்கு நம் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையால் வருவது. இன்றைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட புலிக்கொசு பகலில் கடிக்கிறது. கடிக்கும்போது தன் எச்சிலையும் உள்ளே விடுகிறது. நம் இரத்தம் உறையாமல் இருக்க அதற்கு அந்த எச்சில் தேவை. வைரஸும் அதோடு சேர்ந்துதான் தோலுக்குள் இறங்குகிறது. தோலில் இருக்கும் செல்களுக்குள் புகுந்து பெருகத் தொடங்குகிறது.

வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. நம் செல்களுக்குள் அதை மோப்பம் பிடிக்கவென்றே சில புரதங்கள் இருக்கின்றன. இது நம்முடைய ஆர்.என்.ஏ. இல்லை என்று தெரிந்த உடனே அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடுகிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மான் என்ற இருவர் கண்டுபிடித்தது இது. கரும்புத் தோட்டத்தின் ஒரு மூலையில் தீப்பிடித்தால், இன்னும் தீ எட்டாத வயல்காரர்கள் ஓடிப்போய் ஓரத்துக் கரும்பை வெட்டி இடைவெளி விடுவார்களே, இன்டர்ஃபெரான் கிடைத்த பக்கத்துச் செல்களும் அப்படித்தான். வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்கின்றன. இந்த முதல் சில நாள் வேலையை நாம் யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் இது நடக்காவிட்டால் பின்னால் வருகிற ஆன்டிபாடிக்கு, அதாவது வைரஸில் ஒட்டிக்கொண்டு அதை முடக்க உடம்பு செய்யும் புரதத்துக்கு, நேரமே கிடைக்காது.

காய்ச்சலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் விடும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி தன் அளவை மேலே ஏற்றி வைக்கிறது. அதனால்தான் சூடு ஏறும்போது நமக்குக் குளிர்கிறது, பல் நடுங்குகிறது. பாரசிட்டமால் அந்த அளவைத்தான் கீழே இறக்குகிறது, வைரஸை ஒன்றும் செய்வதில்லை. அதற்காக மாத்திரை போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். கொஞ்சம் ஆறுதல் கிடைத்தால்தான் தண்ணீராவது குடிப்பீர்கள்.

ஐந்தாவது நாள் வாக்கில் முதல் வகை ஆன்டிபாடியான ஐ.ஜி.எம். தலைகாட்டுகிறது. அப்புறம் ஐ.ஜி.ஜி. வருகிறது, அது பல ஆண்டுகள் தங்குகிறது. வைரஸ் புகுந்த செல்களை அழிப்பது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் வேலை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரத்தத்தில் வைரஸ் இல்லாமல் போகிறது.

சரி, அப்படியானால் மூட்டு ஏன் வலிக்கிறது? சிக்குன்குனியா வைரஸ் மூட்டுத் திசுவுக்குள்ளும் போகிறது. அதைத் துரத்த மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் அங்கே கூட்டமாகப் போய்ச் சேர்கின்றன. வீக்கமும் வலியும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் விளைவு. பக்கத்துத் தீவான ரெயூனியனில் ஒரு நோயாளிக்கு, நோய் வந்து 18 மாதம் கழித்து மூட்டுச் சவ்விலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். மேக்ரோஃபேஜ்களுக்குள் வைரஸின் மிச்சங்கள் இருந்தன. மிச்சம் இருக்கும்வரை எதிர்ப்பும் ஓயாது போலிருக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "வலிக்கிறது" என்று மாதக்கணக்கில் சொல்லும் பாட்டியை "சும்மா சொல்கிறாய்" என்று வீட்டில் கேலி செய்வதை இனியாவது விடுங்கள்.

சிக்குன்குனியாவில் ஒரு நல்லதும் உண்டு. ஒரு தடவை வந்துவிட்டால் நீண்ட காலத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஓர் ஊர் முழுவதையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். அதே ரெயூனியனில் 2005-06-இல் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நோயில் அகப்பட்டார்கள். வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் கற்களில் ஒன்று, மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் அது புலிக்கொசுவுக்குள் முன்பைவிட எளிதாகப் பெருகியது. நம் தீவுக்கும் அப்போது வந்தது. அதற்குப் பிறகு நெடுநாள் பெரிய தொல்லை இல்லை. இதற்கிடையில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் சேர்ந்தார்கள். இவர்கள் உடம்புக்கு அந்த வைரஸைப் பற்றி எதுவுமே தெரியாது. முன்பு தப்பித்தவர்களும் இருந்தார்கள். 2025-இல் ரெயூனியனில் மறுபடி 50,000 பேருக்கு மேல் நோய் உறுதியானது, மொரீசியஸிலும் பரவியது. கொசு நடுவில் எங்கேயும் போய்விடவில்லை. பாதுகாப்பு இல்லாதவர்கள் தொகைதான் ஏறியிருந்தது.

கர்ப்பிணிகள் இதைக் கவனிக்க வேண்டும். தாய்க்கு எப்போதோ வந்து ஆறியிருந்தால் அவருடைய ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க் காக்கிறது. பிரசவத்தை ஒட்டிக் காய்ச்சல் வந்தால் நிலைமை வேறு. தாயின் இரத்தத்தில் வைரஸ் இருக்கும், ஆன்டிபாடி இன்னும் வந்திருக்காது. பிறந்த குழந்தைக்குச் சில நாளில் நோய் கடுமையாக வரலாம். இதைத் தெளிவாகக் கண்டு எழுதியவர்கள் ரெயூனியன் மருத்துவர்கள்தான், அந்த 2005-06 சமயத்தில்.

டெங்கு இதற்கு நேர் எதிர். அது நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் நீண்ட பாதுகாப்பு. பின்னால் வேறு வகை வரும்போது, பழைய ஆன்டிபாடி வைரஸில் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அதை முடக்குவதில்லை. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்குவது மேக்ரோஃபேஜின் வழக்கம். விழுங்குகிறது, வைரஸ் உள்ளே போய்ப் பெருகுகிறது. அதனால் இரண்டாவது தடவை நோய் இன்னும் கடுமையாகலாம். இந்த விளக்கத்தை முன்வைத்தவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்கர், தாய்லாந்துக் குழந்தைகளிடம் பார்த்து. எனவே 2024-இல் டெங்கு வந்தவர்கள் "எனக்குத்தான் வந்துவிட்டதே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும் நேரம். அப்போதுதான் இரத்தக் குழாய்கள் கசிந்து நீர் வெளியேறும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும்.

கடைசியாக, இரத்தப் பரிசோதனை. இரண்டாம் நாளே ஆன்டிபாடி பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, உடம்பு இன்னும் செய்திருக்காது. முதல் ஐந்து நாளில் வைரஸையே தேடும் பி.சி.ஆர்., அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். அதனால் டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது என்று சரியாகச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.