ஆக்டிவ் பேஸ் கிட்டார்ல எந்த நாப்பை எங்க வைக்கணும்? | சந்தேகங்களுக்கு விளக்கம்

தம்பி ஒருத்தர் அனுப்பின கேள்வி. அப்படியே படிக்கிறேன்: “அண்ணா, என்கிட்ட இருக்கிறது 5 ஸ்ட்ரிங் ஆக்டிவ் பேஸ். பேஸ், மிட், டிரெபிள்னு மூணு நாப். வீட்ல தனியா வாசிச்சா கும்முனு இருக்கு. சர்ச்ல டிரம்ஸ், கீபோர்டு கூட வாசிச்சா என்ன நோட்டுன்னே தெரியல, வெறும் அதிர்வுதான். கேக்கட்டும்னு பேஸ் நாப்பை முழுசா கூட்டினா, அழுத்தி வாசிக்கிறப்ப கரகரன்னு வருது. புது பேட்டரி போட்டேன், அப்பவும் வருது. எந்த நாப்பை எங்க வைக்கணும், நம்பரா சொல்லுங்க.”

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே சுத்திட்டிருந்துச்சு. ஏன்னா நோட்டு தெரியாததையும் கரகரப்பையும் நீங்க தனித்தனிக் கோளாறா பாக்குறீங்க. ரெண்டுமே அந்த பேஸ் நாப்லேர்ந்துதான் வருது.

இங்க தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றது ஒண்ணு: கூட்டணும்னா இடம் வேணும். பாஸிவ் பேஸ்ல டோன் நாப் டிரெபிளைக் குறைக்க மட்டும்தான் செய்யும். ஆக்டிவ்ல உள்ள ஒரு சின்ன ப்ரீஆம்ப், அதாவது சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிற சர்க்யூட், 9 வோல்ட் பேட்டரில ஓடுது, அது கூட்டவும் செய்யும். ஆனா அந்த 9 வோல்ட்டுக்குள்ளதான் எல்லாம் அடங்கணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அழுத்தி ஒரு நோட்டு வாசிக்கிறீங்க, கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்துற பிக்கப்லேர்ந்து உச்சத்துல 1 வோல்ட் வருதுன்னு வச்சுக்குவோம். பேஸ் நாப்பை முழுசா திருப்பி 12 டெசிபல் கூட்டினா அது 4 மடங்கு. மேல 4 வோல்ட், கீழ 4 வோல்ட், மொத்தம் 8. உள்ள இருக்கிற சிப்பு பேட்டரியோட 9 வோல்ட்டையும் முழுசா பயன்படுத்தாது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத்தான் ஓடும். அப்போ அலையோட தலையும் காலும் வெட்டுப்படுது. அந்த வெட்டுதான் உங்க கரகரப்பு. புது பேட்டரியிலயும் வருதுன்னு சொன்னீங்க இல்லையா, இதனாலதான். பேட்டரி இறங்கி 7 வோல்ட் பக்கம் வந்தா இன்னும் சீக்கிரமாவே வெட்டும். மல்டிமீட்டர் இருந்தா 8 வோல்ட்டுக்குக் கீழ போனதும் மாத்திடுங்க.

உடனே சிலர் கேப்பீங்க, ரெண்டு பேட்டரியை சீரியஸ்ல போட்டு 18 வோல்ட் ஆக்கலாமான்னு. ஆக்கலாம், உங்க ப்ரீஆம்ப் 18 தாங்கும்னு தயாரிச்சவங்க சொல்லியிருந்தா மட்டும். இடம் கூடும். மத்தபடி டோனுக்குன்னு அது தனியா எதுவும் செய்யாது.

கரகரப்பு ப்ரீஆம்ப்லதானா, மிக்ஸர்லயான்னு முதல்ல உறுதி பண்ணிக்கோங்க. பேஸ்ல மாஸ்டர் வால்யூமைப் பாதி குறைச்சிட்டு அதே அழுத்தத்துல வாசிங்க. பல பேஸ்ல வால்யூம் ப்ரீஆம்ப்புக்கு முன்னாடி இருக்கும், அதனால சத்தம் சுத்தமாயிடும். சில பேஸ்ல வால்யூம் ப்ரீஆம்ப்புக்கு அப்புறம் இருக்கும், அதுல கரகரப்பு அப்படியே நிக்கும், சத்தம் மட்டும் குறையும். அதனால இன்னொரு சோதனையும் பண்ணணும். எல்லா நாப்பையும் ஃப்ளாட்ல, அதாவது கூட்டாம குறைக்காம, வச்சு வாசிங்க. அப்பவும் கரகரன்னா மிக்ஸர் சேனல்ல சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா கெயினைக் குறைங்க, இல்ல பேஸை மிக்ஸரோட இணைக்கிற டிஐ பாக்ஸ்ல, சிக்னலைக் குறைக்கிற பேட் ஸ்விட்சைப் போடுங்க.

ஃப்ளாட்னு சொன்னேன், அதுல ஒரு விஷயம் இருக்கு. நடுவுல டக்குனு ஒரு இடத்துல நாப் நிக்குதுன்னா அதுதான் ஃப்ளாட். ஆனா எல்லா பேஸும் அப்படிக் கிடையாது. 1976ல வந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரே, ஆக்டிவ் பேஸைப் பரவலாக்கின கிட்டார். அதோட பழைய ரெண்டு நாப் ப்ரீஆம்ப்ல பேஸ் நாப் கூட்ட மட்டும்தான் செய்யும். நடுவுல வச்சா ஏற்கெனவே கூட்டியாச்சுன்னு அர்த்தம். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரோட 1977 ஜாஸ் பேஸ் இருக்கே, அதுல ப்ரீஆம்ப் வச்சுக் கொடுத்த கிட்டார் செய்யுறவர் ரோஜர் சடாவ்ஸ்கி பின்னாடி தன் பேர்லயே ப்ரீஆம்ப் செஞ்சார், அதுலயும் ரெண்டு நாப்பும் கூட்ட மட்டும்தான், முழுசா குறைச்சாத்தான் ஃப்ளாட். உங்க பேஸ்ல ஆக்டிவ், பாஸிவ் ஸ்விட்ச் இருந்தா ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் போட்டு, வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருக்கிற இடத்தைப் பிடிங்க. அங்கேர்ந்து ஆரம்பிக்கணும்.

சரி, நோட்டு ஏன் தெரியல? உங்க லோ பி கம்பி 31 ஹெர்ட்ஸ், ஈ கம்பி 41. காது எந்த நோட்டுன்னு கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் அதே நோட்டோட சேர்ந்து அதுக்கு மேல வர்ற ஸ்வரங்களை வச்சு; ஈக்கு 82, 123, 164ன்னு போகும். பேஸ் நாப் ரொம்பக் கீழ இருக்கிறதைத்தான் நல்லா தூக்கும். வீட்ல மெதுவா வச்சு வாசிக்கிறப்ப காதுக்குக் கீழ்ஸ்தாயி கம்மியாத்தான் கேக்கும், அதனால கை தானா நாப்பைத் திருப்புது. அதே செட்டிங்கை சத்தமா ஹால்ல போட்டா கீழ எல்லாம் வீங்கிடும். அங்க ஏற்கெனவே கிக் டிரம் 60, 80 ஹெர்ட்ஸ் பக்கம் உக்காந்திருக்கு. கீபோர்டு வாசிக்கிறவரோட இடது கை 100லேர்ந்து 250 வரைக்கும் நிரப்பிடுது. உங்க நோட்டுக்கு எங்க இடம்? மறுபடியும் அதேதான்: கூட்டணும்னா இடம் வேணும். இந்தத் தடவை பேட்டரில இல்ல, ஹால்ல. கீபோர்டு அண்ணன்கிட்ட இடது கையை ஒரு ஆக்டேவ் மேல வாசிக்கச் சொல்லிப் பாருங்க. எந்த நாப்பும் தராத தெளிவு அதுல கிடைக்கும்.

நம்பர் கேட்டீங்க, சொல்றேன். பேஸ் ஃப்ளாட், இல்ல துளி குறைவா. டிரெபிள் ஃப்ளாட், ஸ்டீல் ஸ்ட்ரிங் புதுசா இருந்தா விரல் உரசுற சத்தம் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அப்போ கொஞ்சம் குறைங்க. மிட் 3 டெசிபல் கூட்டுங்க. மிட்ல எந்த ஹெர்ட்ஸ்னு மாத்துற ஸ்விட்ச் இருந்தா 250ஐத் தவிருங்க, அது கொழகொழன்னு ஆக்கும். 500ல நோட்டு தெரியும், 800ல உறுமல் வரும். தனியா கேட்டா மூக்கால பாடுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. டிரம்ஸ் ஆரம்பிச்சதும் அந்த மூக்குச் சத்தம் காணாமப் போயி நோட்டு மட்டும் நிக்கும். தனியா வாசிச்சு செட் பண்ணாதீங்க, பேண்ட் ஓடும்போதே செட் பண்ணுங்க.

இப்ப, நீங்க கேக்காத ஒண்ணு. என்னைக் கேட்டா இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்: கை எங்க வச்சு வாசிக்கிறது? 34 இன்ச் பேஸ்ல கம்பி நீளம் கிட்டத்தட்ட 86 சென்டிமீட்டர். விரலை நெக் ஓரத்துல வச்சு இழுத்தா அடிநாதம் தடிப்பா வரும், மேல் ஸ்வரங்கள் கம்மி. பிரிட்ஜ் பக்கம், அதாவது உடம்புல கம்பி முடியிற பக்கம், 5 சென்டிமீட்டர் நகர்த்துங்க, மேல் ஸ்வரங்கள் எழும்பும், இறுக்கமாகும். டிரெபிள் நாப்ல முழுச் சுத்து சுத்தினாலும் அந்த மாற்றம் வராது. லோ பி கம்பியை எப்பவும் பிரிட்ஜ் பக்கமா இழுங்க. நெக் பக்கம் இழுத்தா அது தொளதொளன்னு ஆடி, நோட்டு நிலைக்க நேரமாகும். அதோட மெதுவா இழுங்க, சத்தம் போதலன்னா ஆம்ப்ல கூட்டுங்க. பாதி அழுத்தத்துல இழுத்தா பிக்கப்லேர்ந்து வர்ற வோல்ட் பாதியாகும், ப்ரீஆம்ப்ல உங்களுக்கு 6 டெசிபல் இடம் சும்மா கிடைக்கும்.

ரெண்டு பிக்கப்பையும் முழுசா வச்சா நடு கொஞ்சம் குழிஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டையும் கலக்குற பிளெண்ட் நாப்பை பிரிட்ஜ் பக்கம் லேசா தள்ளுங்க, அந்தக் குழி நிரம்பும். பிக்கப் உயரம் பத்தி முன்னாடியே ஒரு வீடியோ இருக்கு, அதோட சாரம் மட்டும்: கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சு, கம்பியோட அடிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி பாருங்க. தடி கம்பி பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி பக்கம் 2.5. ரொம்பக் கிட்ட இருந்தாலும் ப்ரீஆம்ப்புக்குள்ள வோல்ட் அதிகமாப் போயி கரகரன்னு ஆகும். ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா திருப்பி, ஒவ்வொரு தடவையும் வாசிச்சுப் பாருங்க.

பேட்டரி அடிக்கடி தீருதுன்னா ஜாக்கைப் பாருங்க. அதுல ஸ்விட்ச் தனியா கிடையாது, கேபிளைச் சொருகினாலே ப்ரீஆம்ப் ஆனாயிடும். வாசிச்சு முடிச்சு பேஸை ஸ்டாண்ட்ல வைக்கிறப்ப கேபிள் சொருகியே இருந்தா ராத்திரி முழுக்க பேட்டரி ஓடிட்டிருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை சவுண்ட்செக்ல பேஸ் நாப்பை ஃப்ளாட்ல வச்சுட்டு, மிக்ஸர்ல இருக்கிறவர்கிட்ட உங்க சேனல்ல 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை வெட்டச் சொல்லுங்க. மிட் 500ல 3 டெசிபல், கை பிரிட்ஜ் பக்கம். ஒரு பாட்டு முழுசா வாசிச்சுட்டு, ஹால்ல கடைசி வரிசைல ஒருத்தரை உக்கார வச்சு எந்த நோட்டுன்னு தெரியுதான்னு கேளுங்க. தெரியலன்னா எழுதுங்க, பேஸோட மாடலும் ப்ரீஆம்ப் பேரும் சேர்த்து.