வெள்ளையில் எத்தனை வெள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

கார்களுக்குப் பெயிண்ட் கலந்து கொடுப்பது என் வேலை. என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "வெள்ளைக் காருங்க, ஒரு சின்ன டப்பா போதும்." எந்த வெள்ளை என்று கேட்டால் முகம் சுருங்கும். "வெள்ளைன்னா வெள்ளைதானே?"

டொயோட்டாவில் 040 ஒரு வெள்ளை. 070 என்பது முத்துப் பளபளப்புள்ள வேறொரு வெள்ளை. ஹோண்டாவின் டஃபெட்டா ஒயிட் என்எச்-578. பிஎம்டபிள்யூவின் ஆல்பைன் ஒயிட் 300. ஃபோக்ஸ்வேகனின் கேண்டி ஒயிட் எல்பி9ஏ. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே வெள்ளைதான். வெள்ளைகளை ஒரு அட்டையில் அடுத்தடுத்து அடித்துக் காயவைத்தால்தான் சங்கதி தெரியும். ஒன்று மஞ்சளித்து நிற்கும், இன்னொன்று நீலம் பாரித்து நிற்கும். வெள்ளை பெயிண்டுக்குள் சில துளி கறுப்பு, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நீலம் என்று சேர்ப்பார்கள். அந்தத் துளிகளின் கணக்கைத்தான் கலர் கோடு என்ற சின்ன எண் சுருக்கி வைத்திருக்கிறது.

சரி, அந்த எண் எங்கே இருக்கும்? முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். கதவு வந்து பூட்டிக்கொள்ளும் தூணிலோ, கதவின் விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் அல்லது தகடு இருக்கும். அங்கே இல்லையென்றால் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு மேலே உள்ள பட்டையிலும் இரண்டு பக்கச் சுவரிலும் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் ஒரு காகித ஸ்டிக்கர் இருக்கும். அதன் நகல் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள்கூட உண்டு.

ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தாயிற்று என்று குதிக்க வேண்டாம். அதில் எண்கள் பல இருக்கும். டொயோட்டா தகட்டில் சி/டிஆர் என்ற வரியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வெளி நிறம், பின்னால் இருப்பது உள்ளே சீட்டு, துணி இவற்றின் குறியீடு. சீட்டின் எண்ணை எழுதிக்கொண்டு வந்து பெயிண்ட் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹோண்டாவில் முன்னால் வரும் எழுத்தே நிறத்தின் ஜாதியைச் சொல்லிவிடும்: என்எச் என்றால் வெள்ளை, சாம்பல், கறுப்பு வகை, ப்ளூவுக்கான பி என்றால் நீலம், ஆர் சிவப்பு. கடைசியில் பேர்லுக்கான பி வந்தால் முத்து, எம் வந்தால் மெட்டாலிக்.

17 எழுத்து கொண்ட அடிச்சட்ட எண்ணை, அதாவது சேஸிஸ் நம்பரை, கொடுத்து "இதிலேயே எல்லாம் இருக்கும்" என்பவர்களும் உண்டு. அந்த 17 எழுத்துக்குள் நிறம் கிடையாது. ஆனால் அதை வைத்து வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் தேடிச் சொல்வார்கள். ஸ்டிக்கர் அழிந்துபோனவர்களுக்கு அது ஒரு வழி.

இன்னொரு பொறி, பழைய வண்டி வாங்கியவர்களுக்கு. ஸ்டிக்கர் கதவிலேயே ஒட்டியிருக்கும் வண்டியில், இடிபட்ட கதவைக் கழற்றி வேறு வண்டியின் கதவை யாராவது மாட்டியிருந்தால், நீங்கள் படிப்பது அடுத்த வீட்டுக்காரரின் எண். முழு வண்டிக்கும் முன்பே ஒரு முறை நிறம் அடித்திருந்தாலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் டிக்கியின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பாருங்கள். மறு பெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் அங்கே கை வைப்பதில்லை.

எண் கிடைத்துவிட்டது, சரியான எண்தான். அப்புறமும் நிறம் சேராமல் போகுமா? போகும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளி நிற வண்டி ஒன்றுக்குப் பெயிண்ட் கேட்டார்கள். எண்ணைத் தேடினேன், முதலில் வந்த கலவையை எடுத்தேன், தராசில் கிராமின் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் நிறுத்துக் கொடுத்தேன். மறுநாள் பெயிண்டர் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நேரே நின்று பார்த்தால் கதவு பொருந்துகிறது. இரண்டடி தள்ளி வண்டியின் மூக்குப் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கதவு மட்டும் கருகருவென்று தெரிகிறது. என் மேல் தப்பில்லை, எண் சரிதான் என்று சாதித்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒன்றும் பேசாமல் அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து விசிறி மாதிரி விரித்தார். அதே எண்ணின் கீழ் ஐந்து வெள்ளி. ஒன்றில் மினுமினுப்பு கொஞ்சம் பொடி, ஒன்றில் கொஞ்சம் பருக்கை, ஒன்றில் நீலச் சாயல். ஐந்தையும் வண்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நாலாவது அட்டை வண்டியோடு கரைந்துபோனது.

ஒரே நிறத்தை வேறு வேறு தொழிற்சாலைகளில் அடிப்பார்கள். பெயிண்ட் வாங்கும் இடம் மாறும், நிறமிகள் மாறும். வருடங்கள் போகப் போக நிறம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், எண் மட்டும் மாறாது. அதனால் பெயிண்ட் கம்பெனிகள் ஒரே எண்ணுக்குப் பல மாற்றுக் கலவைகளை வைத்திருக்கின்றன. இதற்கு மேல் வெயில் வேறு. சிவப்பு வெளுக்கும், நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் மங்கும். ஸ்டிக்கரில் இருப்பது வண்டி பிறந்தபோது எழுதின குறிப்பு. இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று வண்டியைத்தான் கேட்க வேண்டும்.

மெட்டாலிக் நிறத்தில் சிக்கல் இன்னும் ஆழம். அதற்குள் இருப்பவை மெல்லிய அலுமினியச் செதில்கள். அவை எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து வெளிச்சம் திரும்பும். ஈரமாக, கனமாக அடித்தால் நிறம் கறுக்கும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே ஸ்ப்ரே கன், இரண்டு பெயிண்டர்கள், இரண்டு நிறம். நிறம் அளக்கும் கருவிகள் இப்போது பல கோணங்களில் ஒளி பாய்ச்சி, கிட்டத்தட்டப் பொருந்தும் கலவையைச் சொல்லிவிடுகின்றன. நல்ல உதவிதான். ஆனால் அந்த இடத்தைப் பாலிஷ் போட்டுத் துடைக்காமல் வைத்தால் கருவி அழுக்கின் நிறத்தைத்தான் அளக்கும்.

முத்து வெள்ளையும், மாஸ்டாவின் 46வி போன்ற சிவப்பும் வேறு ரகம். அடியில் ஒரு நிறம், நடுவில் ஒளி ஊடுருவும் ஒரு கோட், மேலே கிளியர். நடுவில் ஒரு கோட் கூடினாலே நிறம் மாறிவிடும். இவற்றை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆகவே எந்தப் பெயிண்டரிடம் போனாலும் ஒன்றைக் கேளுங்கள்: முதலில் ஒரு அட்டையில் அடித்து, கிளியரும் அடித்து, காயவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதை அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். கூரை அதிக வெயில் பட்டது, அதோடு ஒப்பிடாதீர்கள். பம்பர் பிளாஸ்டிக், பல நேரம் புது வண்டியிலேயே அது மட்கார்டோடு சரியாகச் சேராது. பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். வேறு நிறமிகளால் ஆன இரண்டு நிறங்கள் வெயிலில் ஒன்றுபோல் இருந்து, டியூப் லைட்டில் பிரிந்து நிற்பது உண்டு. எவ்வளவு பார்த்தும் மயிரிழை வித்தியாசம் இருந்தால், நல்ல பெயிண்டர் நிறத்தைப் பக்கத்துக் கதவின் பாதி வரை மெல்ல இழுத்துக் கலைத்துவிடுவார். கண் எல்லைக்கோட்டைத்தான் பிடிக்கும். கோடே இல்லையென்றால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கல் தெறித்த சின்னப் புள்ளிக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. எண்ணைச் சொல்லி டச்சப் பாட்டில் வாங்குங்கள், மெழுகு போகத் துடைத்து, குச்சி முனையால் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வையுங்கள். அதற்கு முன் பாட்டிலை நன்றாக, கை வலிக்கும்வரை குலுக்குங்கள். செதில்கள் அடியில் தங்கியிருந்தால் நீங்கள் வைப்பது வெறும் சாம்பல் நீர்.

இன்று வண்டியில் ஏறும்போது கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் கழித்து எழுத்துகள் வெளுத்துப்போன ஸ்டிக்கரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் வேலை எனக்கு மிச்சமாகும்.

வணக்கம்.