கீழ மாசி வீதியில் இரண்டு கோலமாவுக் கோடுகள்

வணக்கம் மக்களே. மணி காலை 5:40. மதுரை விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், கீழ மாசி வீதியில் நிற்கிறேன். பலசரக்குக் கடைகள் இன்னும் திறக்கவில்லை, டீக்கடை மட்டும்தான் திறந்திருக்கிறது. என் கையில் ஒரு அளவு டேப், ஒரு பொட்டலம் கோலமாவு. இந்தத் தெருவில் வண்டியை எங்கே நிறுத்தலாம், எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று இன்றைக்குப் பேசப் போகிறோம். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஏன் என்று காட்டுகிறேன்.

போன தை மாதம் என் அம்மா இங்கே சாமான் வாங்க வந்தார். இரண்டு லோடு ஆட்டோக்கள் முனைவரை நெருக்கி நின்றிருந்தன. அந்த இடுக்கு வழியாகக் கட்டைப்பையோடு ரோட்டில் கால் வைத்தார். பைக்கில் வந்த தம்பிக்கு அம்மா தெரியவில்லை, அம்மாவுக்கும் பைக் தெரியவில்லை. கணுக்கால் உடைந்துவிட்டது. அந்தத் தம்பி ஆஸ்பத்திரிவரை கூடவே வந்து அழுதுகொண்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சரி, கோட்டுக்கு வருவோம். ஒரு வண்டி இந்த டீக்கடை வாசலுக்கு வரும்போது முன்னால் ஒருவர் திடீரென்று ரோட்டில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடும். ஆளைப் பார்த்து, பிரேக்கை மிதிக்கவே அந்த ஒரு நொடி போய்விடும். அதற்கப்புறம் காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர். இதோ, முதல் கோடு இங்கே.

அதே வண்டி 50-ல் வந்தால்? அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14. இரண்டாவது கோடு 28-வது மீட்டரில், அந்த அரிசிக் கடை ஷட்டர் வரைக்கும் போகிறது, பாருங்கள். இதைவிட முதல் கோட்டுக்குத் திரும்பி வாருங்கள். 30-ல் வந்தவர் நின்றுவிட்ட இடம் இது. 50-ல் வந்தவர் இந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். இங்கே நிற்பவர் மீது முழு வேகத்தில் மோதுவார். நேற்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கை நடுங்கியது.

இப்போது பார்க்கிங். "எல்லா வண்டியையும் தூக்கிவிட்டால் தெரு சரியாகிவிடும்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? தெரு அகலமாகத் தெரியும். அகலமாகத் தெரிந்தால் ஆக்சிலேட்டரைத் திருகும் கை தானாகத் திருகும். மத்திய அரசின் 2018 அறிவிப்பின்படி நகராட்சிச் சாலையில் காருக்கு உச்ச வேகம் 70. அதைவிடக் குறைத்து வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. சென்னையில் 2023-ல் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று வைத்தார்கள். ஆட்கள் தோளோடு தோள் உரசி நடக்கும் இந்த வீதிக்கும் 30-க்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

போர்டு மட்டும் வைத்தால் போதாது. வேகத்தடையும் வேண்டும், ஆனால் முதுகை உடைக்கும் அந்த ஒல்லியான மேடு வேண்டாம். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25-ல் போகிறவருக்குத் தொந்தரவே இருக்காது.

கடைக்கார அண்ணாச்சி ஒருவர் நேற்று என்னிடம் கேட்டார்: "தம்பி, லோடு எங்கே இறக்குவது?" நியாயமான கேள்வி. மூட்டை தூக்கும் அண்ணன்மார் அரை கிலோமீட்டர் நடக்க முடியாது. ஆகவே காலை 9 மணிக்குள் லோடு வண்டிகள் ஒரு பக்கம் நின்று இறக்கட்டும். அதன் பிறகு அந்த இடம் பைக்குகளுக்கு. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும், கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக்கில்தான் வருகிறார்கள். கார்களுக்கு வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள், அங்கிருந்து நடந்து வரலாம். ஆனால் முனைகளில் மட்டும் யாருக்கும், எந்த நேரத்திலும் இடம் கிடையாது. சிவப்பு வட்டத்துக்குள் ஒரே கோடு இருந்தால் நிறுத்தி வைக்கக் கூடாது. பெருக்கல் குறி இருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. முனைகளுக்கு அந்தப் பெருக்கல் குறிதான் வேண்டும்.

மதுரையில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லாதீர்கள். சித்திரைத் தேர் இந்த மாசி வீதிகளில்தான் வருகிறது. அன்றைக்கு தேர் வரும் வழியில் ஒரு வண்டி நிற்கிறதா? எந்த நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவதால் எல்லாரும் எடுத்துவிடுகிறோம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 112 வேகத்துக்கு, 117 வண்டி நிறுத்தும் இடத்துக்கு. அந்த இடங்களைக் குறிக்கும்போது உள்ளாட்சியையும் கலந்துகொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் மனுவை இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு, இன்னொன்று மாநகராட்சிக்கு. இரண்டிலும் இந்தக் கோடுகளின் படத்தை ஒட்டப் போகிறேன். அந்த அண்ணாச்சி முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தத் தெருவுக்கு வந்துபோகிறவர்கள் திங்கள் காலை 9 மணிக்குள் இந்த டீக்கடைக்கு வாருங்கள், பேனா வைத்திருக்கிறேன்.

முதல் லோடு வண்டி வந்துவிட்டது. முனையில்தான் நிறுத்துகிறார். போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.