கடைக்குப் பாதி, கைக்குப் பாதி

நேயர்களுக்கு வணக்கம். பானை வனைகிறவர், துணியில் தைக்கிறவர், மரம் செதுக்குகிறவர், நகை செய்கிறவர் என்று தனியாகவோ வீட்டார் துணையோடோ கைவினைத் தொழில் செய்யும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி வரும். பொருளை நானே நேரடியாக விற்பதா, கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதா? இரண்டும் செய்யலாம் என்றால் எதை எவ்வளவு? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கைவினைப் பொருள்களைப் பணம் கொடுத்து வாங்கும் கடைகள் பெரும்பாலும் சில்லறை விலையில் பாதிக்குத்தான் கேட்கும். முதல் தடவை கேட்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். "நான் உட்கார்ந்து செய்தது, அவர் அலமாரியில் வைப்பதற்குப் பாதியா?" என்று தோன்றும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது நியாயமான கோபம் இல்லை என்பது என் கருத்து.

ஒரு பொருளின் சில்லறை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருளுக்கு 10, உங்கள் கைக்கூலி 22, சூளை, கருவி, வாடகை, மின்சாரம் போன்றவற்றுக்கு 8. ஆக அடக்கம் 40. அதற்கு மேல் 10 லாபம் வைத்தால் கடைக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை 50. மீதி 50 யாருடையது? விற்பவருடையது. கடைக்காரர் வாடகை கட்டுகிறார், ஆள் வைத்திருக்கிறார், விற்காமல் தேங்கினால் நட்டமும் அவருக்கே. நீங்களே கண்காட்சியில் கடை போட்டால் அதே வேலை உங்கள் தலையில் விழுகிறது. இடத்துக்குக் கட்டணம், வண்டிச் செலவு, பொருளைக் கட்டுவது, பிரிப்பது, திரும்பக் கட்டுவது, நாள் முழுக்க நின்று பேசுவது. அந்த நாள்களில் பட்டறை சும்மா கிடக்கிறதே, அதையும் எழுதிப் பாருங்கள். இணையத்தில் விற்றாலும் படம் எடுப்பது, பதில் எழுதுவது, பார்சல் போடுவது, உடைந்து திரும்பி வருவது எல்லாம் உண்டு. நேரடி விற்பனையில் கிடைக்கும் அந்த இன்னொரு 50, விற்கிற வேலைக்கான சம்பளம். அதை முழு லாபம் என்று நினைப்பதில்தான் பலருடைய கணக்கு உதைக்கிறது.

அதனால், இன்று கடைகளுக்குக் கொடுக்கிற எண்ணம் இல்லாவிட்டாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் கட்டுப்படியாகிற மாதிரி முதல் நாளிலேயே விலை வையுங்கள். அடக்கம் 40 ஆகிற பொருளை 60-க்கு விற்றுப் பழக்கிவிட்டால், நாளைக்கு ஒரு நல்ல கடை தேடி வரும்போது கொடுக்க வழி இருக்காது. விலையைத் திடீரென்று ஏற்றினால் பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

எல்லாப் பொருளும் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது, கை பழகப் பழக நேரம் குறைகிறது, ஒரே மூச்சில் பத்து இருபது முடிக்கலாம் என்கிற வகைதான் மொத்த விற்பனைக்கு ஏற்றது. நாள் கணக்கில் இழுக்கும் தனிப் பொருளை நீங்களே விற்கவேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை உங்களைப்போல யாராலும் எடுத்துச் சொல்ல முடியாது.

நேரடி விற்பனையை முழுக்க விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கண்காட்சியில் ஒருவர் பொருளைக் கையில் எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், கீழே வைத்துவிடுகிறார். ஏன் வைத்தார்? கைப்பிடி சின்னதா, நிறமா, விலையா? அதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு கண்காட்சியில் நேரில் நின்று விற்பவருக்குத்தான். அங்கே தேறிய பொருளைக் கடைகளுக்குக் காட்டுங்கள்.

அப்புறம், நேரடி விற்பனையில் பணம் அன்றைக்கே கைக்கு வரும். கடைகள் பழகியபின் 30 நாள் கடன் கேட்பது வழக்கம். ஆனால் மூலப்பொருள் விற்பவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். புதிய கடை என்றால் முதல் ஆர்டருக்கு முழுப் பணமோ, கணிசமான அட்வான்ஸோ வாங்கிவிட்டுச் செய்யுங்கள். குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். மூன்று நான்கு துண்டுகளுக்கெல்லாம் பாதி விலை கிடையாது. இப்படிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல கடைக்காரர் இதை எதிர்பார்த்தே வருவார்.

விற்ற பிறகு பணம் தருகிறேன் என்கிற கன்சைன்மென்ட் முறை வேறு. அதில் உங்களுக்கு 60, கடைக்கு 40 என்பது போலப் பங்கு பேசுவார்கள். பங்கு கூடுதல்தான், ஆனால் விற்றுப்போகும்வரை சரக்கில் முடங்கிக் கிடப்பது உங்களுடைய முதல். உடைந்தால் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் பணம், எத்தனை மாதத்தில் மீதியைத் திருப்புவது என்று எழுதி வாங்காமல் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். கடையில் 100-க்கு இருக்கும் அதே பொருளைக் கண்காட்சியில் 70-க்குக் கொடுக்கக் கூடாது. உங்களை நம்பிப் பணம் போட்டவரின் வாடிக்கையாளரை நீங்களே இழுப்பது அது. தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கடைகளுக்குக் கொடுக்காத பொருள்களுக்குக் கொடுங்கள்.

சரி, எவ்வளவுக்கு எவ்வளவு? விற்பனைத் தொகையை வைத்து அல்ல, கை வேலை செய்யும் நேரத்தை வைத்துப் பிரியுங்கள். மாதத்தில் நிதானமாக எத்தனை செய்ய முடியும் என்று பார்த்து, அதில் ஒரு பகுதியை மட்டும் கடைகளுக்கு வாக்குக் கொடுங்கள். சீசனுக்கான சரக்கைக் கடைகள் மாதங்களுக்கு முன்பே கேட்கும். நேரடி வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வருவார். கடை ஆர்டரை முன்பே முடித்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். ஒரே கடை உங்கள் உற்பத்தியில் பாதிக்கு மேல் கேட்டால், ஆசையாக இருந்தாலும் யோசியுங்கள். அவர் நிறுத்தினால் உங்கள் தொழிலும் நின்றுவிடும்.

புதிதாக ஒரு கடை சேர்ந்தால், அங்கிருந்து இரண்டாவது ஆர்டர் வரும்வரை அதை நிலையான வருமானத்தில் சேர்க்காதீர்கள். முதல் ஆர்டரில் கடைக்காரருக்கு உங்கள் பொருள் பிடித்திருக்கிறது என்று தெரியும். வாங்குகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது இரண்டாவதில்தான் தெரியும். நன்றி, வணக்கம்.