மழை வருகிறதா, பெய்கிறதா?

வணக்கம். ஜன்னலுக்கு வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. நாம் என்ன சொல்வோம்? "மழை வருது" என்போம். தமிழில் அது சரிதான். ஒருநாள் வெளிநாட்டுத் தோழி ஒருவரிடம் போனில் பேசும்போது, அதையே ‘ரெயின் இஸ் கமிங்’ என்று சொல்லிவிட்டேன். "அப்படியானால் மழை வருவதற்குள் சீக்கிரம் கிளம்பு" என்றார் அவர். நானோ நனைந்தபடி நின்றுகொண்டிருக்கிறேன்! அவர் காதில் அது ‘இனிமேல்தான் வரப்போகிறது’ என்று விழுந்திருக்கிறது. ‘இட்ஸ் ரெயினிங்’ என்றிருந்தால் குழப்பமே இல்லை. அன்றிலிருந்து இந்த மாதிரி சொற்களைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. வானிலை மாறுவதை ஆங்கிலத்தில் பெரிய பெரிய சொற்களால் சொல்வதில்லை. அப், ஓவர், ஆஃப், டவுன் என்ற குட்டிச் சொற்கள்தான் வேலையைச் செய்கின்றன. வானம் மூடிக்கொண்டு வந்தால் ‘இட்ஸ் க்ளவுடிங் ஓவர்’, வெளுத்தால் ‘க்ளியரிங் அப்’. காற்று வலுத்தால் ‘பிக்கிங் அப்’, அடங்கினால் ‘டையிங் டவுன்’. வெயில் ஏற ஏற மூடுபனி கரைந்து போகிறதே, அது ‘பர்னிங் ஆஃப்’.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘லெட் அப்’. மழை விட்டது என்கிறோம் அல்லவா, அந்த ‘விடு’தான் அங்கே ‘லெட்’! இரண்டு மொழியிலும் மழை விடத்தான் செய்கிறது. ஆனால் கவனம், ‘லெட்டிங் அப்’ என்றால் முழுக்க நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, மழை தணிகிறது, குறைகிறது, அவ்வளவுதான். அடியோடு நின்றால் ‘இட்ஸ் ஸ்டாப்ட்’. மறுபடியும் சொல்கிறேன், குறைந்தால் லெட்டிங் அப், நின்றால் ஸ்டாப்ட்.

இன்னொன்று, பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று ஒரு மரபுத்தொடரைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அன்றாடப் பேச்சில் அதை அபூர்வமாகத்தான் கேட்க முடிகிறது. கொட்டுகிறதா? ‘இட்ஸ் போரிங்’ (pouring, அதாவது ஊற்றுகிறது) போதும். லேசாக ஒன்றிரண்டு துளி விழுந்தால் பிரிட்டனில் ‘இட்ஸ் ஸ்பிட்டிங்’ என்பார்கள்.

குளிருக்கு உள்ள சொற்களையும் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டதாகச் சைகை வருகிறது. ‘இட்ஸ் டர்னிங் கோல்ட்’, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், "இன்னைக்கு க்ளைமேட் சூப்பர்" என்கிறோமே, அங்கே வரவேண்டியது ‘வெதர்’. க்ளைமேட் என்பது வழக்கமாக 30 வருடச் சராசரியை வைத்துச் சொல்வது, இன்று ஒருநாள் கதை அல்ல. நன்றி, வணக்கம்.