விளையாடவே முடியாத வீரர்களை வாங்கிக் குவித்த அணி! ஏன்?

[திரையில்: அரிசோனா கயோட்டீஸ் சட்டை. முதுகில் பெயர் இல்லை.]

2015 நவம்பர். ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய கௌரவம் ஹால் ஆஃப் ஃபேம். அதில் கிறிஸ் புரோங்கரைச் சேர்க்கிறார்கள். கைதட்டல், உரை, கண்ணீர் எல்லாம் உண்டு. ஒரே ஒரு சிக்கல்: மனிதர் இன்னும் ஓய்வே பெறவில்லை! கணக்குப்படி அவர் அரிசோனா கயோட்டீஸ் அணியின் வீரர். அந்த அணிக்காக அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை, ஆடப்போவதும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அப்போது அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்ஹெச்எல் லீக் அலுவலகத்தில். எந்தத் துறை தெரியுமா? முரட்டு ஆட்டம் ஆடுகிற வீரர்களுக்குத் தடை விதிக்கும் துறை. தன் காலத்தில் எட்டு முறை தடை வாங்கியவர் அவர். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஓர் அணியில் வீரர், லீக்கில் அதிகாரி, ஹால் ஆஃப் ஃபேமில் மேதை. ஒரே ஆள் எப்படி ஒரே நேரத்தில் மூன்றுமாக இருந்தார்? வாங்க, பார்க்கலாம்.

[திரையில்: என்ஹெச்எல் சின்னம்]

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இந்த இடம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். என்ஹெச்எல் என்பது அமெரிக்கா, கனடா இரண்டிலும் நடக்கும் ஐஸ் ஹாக்கி லீக். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்திருப்பார்களே, அதுபோல இங்கே 2005 முதல் சாலரி கேப் உண்டு. அதற்கு மேல் போகக் கூடாது. குறைந்தபட்சம் இவ்வளவாவது கணக்கில் காட்ட வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பும் உண்டு. அந்தக் கீழ்வரம்பை மறந்துவிடாதீர்கள், இந்தக் கதையின் வில்லன் அதுதான். அப்புறம், ஒப்பந்தம் உறுதியானது. ஆடும்போது அடிபட்டுப் படுத்துவிட்டால் சம்பளம் வந்துகொண்டே இருக்கும். "நான் ஓய்வு பெறுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் மிச்சப் பணம் போச்சு. அதனால் காயம்பட்டவர் யாரும் அந்தக் கையெழுத்தைப் போடுவதில்லை.

அவ்வளவுதான் பின்னணி. இனி விளையாட்டு.

கேப் கணக்கில் எழுதப்படுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. வீரர் கையில் போகும் பணம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். இந்த இடைவெளியில்தான் எல்லாத் தில்லுமுல்லும் நடந்தது.

ஷே வெபர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். 2012-ல் பிலடெல்ஃபியா அணி அவருக்கு 14 ஆண்டுக்கு 11 கோடி டாலர் என்று ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தது. அவருடைய சொந்த அணியான நாஷ்வில், பல்லைக் கடித்துக்கொண்டு அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்தது. சராசரி ஆண்டுக்கு சுமார் 78.5 லட்சம் டாலர். ஆனால் முதல் நான்கு ஆண்டுகளில் கையில் கிடைத்தது ஆண்டுக்கு 1.4 கோடி. கடைசி மூன்று ஆண்டுகளில் வெறும் 10 லட்சம்.

[திரையில்: இரண்டு கோடுகள். ஒன்று நேராக, ஒன்று மலையிலிருந்து சறுக்குவது போல.]

இந்த இரண்டு கோடுகளையும் நன்றாகப் பாருங்கள். 2021-க்குப் பிறகு வெபரின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவர் மறுபடி களம் இறங்கவே இல்லை. ஆனால் ஒப்பந்தம் போட்டது 2026 வரைக்கும். கையிலிருந்து கொடுப்பது 10 லட்சம், கணக்கில் காட்டுவது 78 லட்சம்! நட்சத்திரங்களை வாங்கக் காசில்லாத, கீழ்வரம்பைத் தொடவே திணறுகிற ஓர் அணிக்கு இது லாட்டரி இல்லையா?

அப்படி ஓர் அணிதான் அரிசோனா. 2022 முதல் இரண்டு சீசன்கள் அது ஆடியது ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கில், சுமார் 4,600 இருக்கைகள். உலகின் முதன்மை ஹாக்கி லீக்கின் அணி ஒன்று கல்லூரி மைதானத்தில் வாடகைக்கு இருந்தது! ஆனால் அதன் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். 2023 பிப்ரவரியில் வெபர் வந்தார். அடுத்த மாதமே யாக்குப் வோராசெக் வந்தார், தலையில் பட்ட அடிகளால் ஆட முடியாமல் போனவர், கேப் கணக்கில் 82.5 லட்சம். பிரையன் லிட்டில், ஆண்ட்ரூ லாட் என்று இன்னும் இருவர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், அவர்களும் காயம்பட்டவர்கள். இவர்களை வைத்து ஒரு வரிசையே இறக்கலாம், ஸ்கேட்டிங் மட்டும் முடியாது.

இதில் முன்னோடி நம் புரோங்கர்தான். 2011 அக்டோபரில் எதிராளியின் மட்டை அவர் கண்ணில் பட்டது. அடுத்த மாதத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. 2015-ல் பிலடெல்ஃபியா அவரை அரிசோனாவுக்குத் தள்ளியது. கணக்கில் 49 லட்சம், கையில் 5.75 லட்சம். அதே வழியில் 2018-ல் சிகாகோவிலிருந்து மரியான் ஹோஸா போனார். 12 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தவர் அவர், லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை வென்றவர். அவரை நிறுத்தியது எலும்பு முறிவு இல்லை, தோல் நோய். அதற்கு எடுத்த மருந்துகளின் கடுமையான பக்கவிளைவுகளால் ஆடவே முடியாமல் போனார்.

இதில் அரிசோனாவை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை என்பேன். பணக்கார அணிகள் தூக்கிப் போட்டதைத்தான் அது பொறுக்கியது. பல ட்ரேடுகளில், அதாவது வீரர் பரிமாற்றங்களில், கூடவே இளம் வீரரோ டிராஃப்ட் வாய்ப்போ (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கூலியாகக் கிடைத்தது. வெபரின் ஒப்பந்தம் நாஷ்வில், மாண்ட்ரியல், வேகஸ், அரிசோனா, யூட்டா, சிகாகோ என்று ஊர் ஊராகச் சுற்றியது. அவர் ஆடியது முதல் இரண்டு ஊரில் மட்டும். 2024-ல் அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே.

காப்பீடு என்று ஒன்றும் உண்டு. பெரிய ஒப்பந்தங்களுக்குக் காப்பீடு எடுப்பார்கள், ஆள் படுத்தால் சம்பளத்தில் பெரும்பகுதியை அது கொடுக்கும். கொலம்பஸ் அணி நேதன் ஹோர்டனுக்கு ஏழு ஆண்டுக்கு 3.71 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, காப்பீடு இல்லாமல். முதுகெலும்பு தேய்ந்துபோய் 36 ஆட்டத்தோடு அவர் முடங்கினார், சம்பளம் முழுக்க அணியின் தலையில். 2015-ல் டொரோண்டோவிடம் அவரைக் கொடுத்து, அங்கே சொதப்பிக்கொண்டிருந்த டேவிட் கிளார்க்சனை வாங்கிக்கொண்டது கொலம்பஸ். ஆட முடியாதவரைக் கொடுத்து ஆடத் தெரியாதவரை வாங்கினார்கள் என்று சிரித்தார்கள். சிரிப்பு நிற்பதற்குள் கிளார்க்சனுக்கும் முதுகு போய்விட்டது.

[திரையில்: 15 ஆண்டுகள், 6.75 கோடி டாலர்]

சரி, எல்லோரும் எதிர்பார்க்கிற பெயருக்கு வருவோம். ரிக் டிபியட்ரோ, நியூயார்க் ஐலண்டர்ஸ் கோல்கீப்பர். 2006-ல் 15 ஆண்டு ஒப்பந்தம். கொடுத்த மேலாளர் கார்த் ஸ்னோ யார் என்றால், முந்தைய சீசனில் அவருக்கே மாற்றுக் கோல்கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்! அதன் பிறகு இடுப்பு, முழங்கால், தலை என்று ஒவ்வொன்றாகப் போயின. 2011-ல் எதிரணிக் கோல்கீப்பருடன் மோதி ஒரே குத்தில் முகத்தில் எலும்பு முறிவு. 2013-ல் ஒப்பந்தத்தை முறித்து, ஈட்டுத்தொகை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதன்படி 2029 வரை ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் அவருக்குப் போகும்.

இவரைப் பற்றி வராத மீம்ஸ் இல்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆண்டுக்கு 45 லட்சத்துக்கு முதல்தரக் கோல்கீப்பர் என்பது அப்போது மலிவு என்று கணக்குப் போட்டது முதலாளி. கணக்குத் தப்பியது, உடம்பு போனது இவருக்கு.

உடம்பு யாருடையது என்றதும் ஜாக் ஐக்கெல் நினைவுக்கு வருகிறார். பஃபலோ அணி, 8 ஆண்டு, 8 கோடி டாலர். 2021-ல் கழுத்து டிஸ்க் நகர்ந்துவிட்டது. அவர் செயற்கை டிஸ்க் பொருத்தச் சொன்னார். அணியோ எலும்புகளை இணைக்கும் வேறு அறுவை சிகிச்சைதான் என்றது. விதிப்படி கடைசி வார்த்தை அணியுடையது! மாதக்கணக்கில் இழுபறி, கேப்டன் பதவியும் பறிபோனது. கடைசியில் வேகஸ் அணி அவரை வாங்கி, அவர் கேட்ட சிகிச்சையைச் செய்ய விட்டது. 2023-ல் வேகஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃபில் அதிகப் புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தவர் அவர்தான். பஃபலோ ரசிகர்கள் இந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்.

15 ஆண்டுக் கூத்துக்கு 2013-ல் கடிவாளம் போட்டார்கள்: சொந்த அணியுடன் 8 ஆண்டு, வேறு அணியுடன் 7. 2026 செப்டம்பர் முதல் அதுவும் 7, 6 என்று குறைகிறது.

ஆனால் ஒரு ஓட்டை வெகுநாள் திறந்தே கிடந்தது. நீண்ட நாள் காயப் பட்டியலில் ஒருவரைப் போட்டால், அவர் சம்பள அளவுக்கு அணி கேப்பைத் தாண்டிச் செலவு செய்யலாம். பிளேஆஃபிலோ கேப்பே கிடையாது. டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சை என்று 2021 சீசன் முழுவதும் ஆடவில்லை. பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் வந்து நின்றார், 32 புள்ளிகள் எடுத்தார், கோப்பையை வென்றார். கொண்டாட்டத்துக்கு அவர் போட்டுவந்த டி-ஷர்ட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "கேப்புக்கு மேலே 18 மில்லியன் டாலர்." விதி எதையும் மீறவில்லை, அதுதான் எரிச்சல்.

2025-26 சீசனிலிருந்து பிளேஆஃபிலும் கேப் வந்துவிட்டது. அன்றைய ஆட்டத்தில் இறங்கும் 20 பேரின் கணக்கு அதற்குள் அடங்க வேண்டும். அந்த டி-ஷர்ட் திமிரா, தில்லா? கமெண்டில் சண்டை போடுங்கள். நான் தில் கட்சி.